அய்யலூர் சந்தைப் படம்

ஐரின்: அந்தக் கேமராவத் தொடாதீங்க. வைங்க கீழ.

அமலன்: ஸ்டுடியோ கதவு தொறந்து கெடக்கு. ரோட்ல போறவன் பாக்குறான்...

ஐரின்: பாக்கட்டும். போட்டோக்காரங்க சங்கத்துல அத்தன பேரு பாத்தப்ப ஒண்ணும் தோணல. இப்ப ரோட்ல போறவன் பாக்குறது உறுத்துதாக்கும்?

அமலன்: செத்த உக்காரு. தண்ணி குடி. பெருமாள்சாமி அண்ணன் ஏதோ வெளையாட்டுக்கு...

ஐரின்: சங்கத்துத் தலைவரு வெளையாடுவாரா? மெம்பராச் சேர வந்தவள நடுவுல நிக்க வச்சு, "புருசன் எடுத்த படத்தத் தூக்கிட்டு வந்து ஒம் படம்ங்கிறியேம்மா"ன்னு கேக்குறது வெளையாட்டா?

அமலன்: அவருக்குத் தெரியாதுல்ல.

ஐரின்: ஒங்களுக்குத் தெரியும்ல?

அமலன்: இப்ப எதுக்கு அதெல்லாம்?

ஐரின்: சொல்லுங்க. அய்யலூர் சந்தையில, அந்த மழையில, ஆட்டுக்குட்டிய முந்தானைக்குள்ள பொத்திக்கிட்டு நின்ன ஆட்டுக்காரம்மாவப் படம் எடுத்தது யாரு?

அமலன்: நீதான்.

ஐரின்: அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

அமலன்: டீக்கடையில... மழையின்னு ஒதுங்கி...

ஐரின்: அங்கிருந்துக்கிட்டே கேமரா நனைஞ்சிரும்னு கத்துனீங்க. அப்புறம் அந்தப் படத்தையே ஒங்க பேரப் போட்டு சங்கத்துப் போட்டிக்கு அனுப்பி, மேடையேறி சால்வை வாங்குனீங்க. நானும் கீழ உக்காந்து கைதட்டுனேன்.

அமலன்: ஸ்டுடியோ பேர்லதான அனுப்புனேன். ஸ்டுடியோ நம்ம ரெண்டு பேருதுதான.

ஐரின்: சால்வை யாரு தோள்ல விழுந்துச்சு?

அமலன்: அன்னைக்கே நீ ஒண்ணும் சொல்லலையே...

ஐரின்: நம்ம வீட்டுக்காரருதானன்னு விட்டுட்டேன். அதுக்குத்தான் இன்னைக்குக் களவாணின்னு பேரு வாங்கிட்டு வந்திருக்கேன்.

அமலன்: யாரும் அப்படிச் சொல்லல.

ஐரின்: அந்த வீடியோக்காரன் ரோஹித் என்ன சொன்னான்? "அண்ணன் படத்த ஜெராக்ஸ் போட்டுட்டு வந்தீங்களா மதினி"ன்னான். ஹாலே சிரிச்சுச்சு. நான் ஒங்களத் திரும்பிப் பாத்தேன். அவதான் எடுத்தான்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான் கேட்டேன். நீங்க குனிஞ்சு செல்போனத் தடவிக்கிட்டு இருந்தீங்க.

அமலன்: சால்வை வாங்குன அதே எடத்துல நின்னு, நான் எடுக்கலன்னு எப்படிச் சொல்ல?

ஐரின்: வாயாலதான்.

அமலன்: சொன்னா, நாளைக்கு ஒருத்தன் நமக்கு ஆர்டர் குடுப்பானா?

ஐரின்: நமக்கா, ஒங்களுக்கா?

அமலன்: சரி, எனக்குத்தான். போதுமா? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், அக்கா வரலையா, அக்கா எடுத்தாத்தான் நல்லா இருக்கும்ங்கிறாங்க. நான் லைட்டப் புடிச்சுக்கிட்டு அதையும் கேட்டுக்கிட்டுத்தான நிக்கிறேன்?

ஐரின்: ம்... இப்பத்தான் உள்ளுக்குள்ள இருக்குறது வருது.

அமலன்: கோவத்துல வந்துருச்சு. விடு.

ஐரின்: சங்கத்துக் கார்டு ஒண்ணு கையில இருந்தா எம் பேர்ல தனியா ஆர்டர் எடுக்கலாம்னு எத்தன நாளா ஒங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்? இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்?

அமலன்: நான் அண்ணனத் தனியாப் பாத்துப் பேசுறேன். அடுத்த வருசம் சேந்துக்கலாம். இப்பக் கண்ணத் தொடச்சுக்க. காலையில ஒட்டன்சத்திரம் போகணும், மண்டிக்காரரு வீட்டு நிச்சயதார்த்தம்...

ஐரின்: நீங்க போங்க. நான் வரல.

அமலன்: அவங்க ஒன்னையத்தான கேட்டாங்க?

ஐரின்: அய்யலூர் படத்த எடுத்தவங்க வேணும்னு கேட்டாங்க. அது நீங்கதான? போயி எடுங்க.

அமலன்: என்னைய என்னதான் செய்யச் சொல்ற? அவரு இப்படிக் கேப்பாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே எந்திரிச்சுச் சொல்லிருக்க மாட்டேனா?

ஐரின்: தெரியாதா ஒங்களுக்கு?

அமலன்: தெரியாது.

ஐரின்: நெசமாவா?

அமலன்: மாதா மேல சத்தியமா.

ஐரின்: மாதா மேலயா?

அமலன்: ஏன் அப்படிப் பாக்குற?

ஐரின்: நான் படியில எறங்கையில பெருமாள்சாமி அண்ணன் பின்னாலயே வந்தாரு. "எம்மேல கோவப்படாதம்மா, நேத்து அமலன்தான் போன் போட்டு, அதெல்லாம் நான் எடுத்த படம்ணே, எம் பொண்டாட்டி கொண்டாந்தா சேத்துக்கிறாதீங்கன்னு சொன்னான்"னாரு. நீங்களா வாயத் தொறந்து சொல்றீங்களான்னுதான் இம்புட்டு நேரமும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.