ஏழாவது கதையில் ஒரு ஓட்டை

சுசித்ரா: அசையாம ஒக்காரு மாமா. நீ இப்பிடி ஆடிக்கிட்டே இருந்தா எனக்குப் பேச வராது.

முனிராஜ்: யூட்யூப்ல புக்கு ரிவ்யூ போடறது நீ. நான் எதுக்கு புள்ள நடுவுல?

சுசித்ரா: உன்கிட்ட ஒருக்கா பேசிக் காட்டிட்டா அப்பறம் தட்டாம வரும். எப்பவும் பண்றதுதான?

முனிராஜ்: எப்பவும் பேய்க்கதை, காதல் கதைன்னு போடுவ. இந்தத் தடவ பூரா புருசனக் கொல்ற கதையா இருக்குது.

சுசித்ரா: அதான் தீமு. புக்கு பேரு ‘தாலிக்குப் பின் திகில்’. ஒவ்வொரு கதையிலயும் ஒரு பொண்டாட்டி புருசனக் கொல்லணும். ஒவ்வொரு ரைட்டருக்கும் ஒவ்வொரு வழி.

முனிராஜ்: நல்ல தீமு! ஞாயித்துக்கெழம கறிக்கொழம்பு ஊத்திட்டு ஆரம்பிக்கற பாரு...

சுசித்ரா: சாப்ட்டாச்சில்ல? இனிமே பயந்து என்னா பண்ணுவ? கேளு. மொதல் கதையில சாம்பார்ல எலி மருந்து. விறுவிறுப்பு இருக்கு. ஆனா ஓட்டை... நான்தான் ஒவ்வொரு கதைக்கும் ஒரு ஓட்டை சொல்லுவன் இல்ல... அந்த நாத்தத்துக்கு எவனாச்சும் ஒரு வாய் வெப்பானா?

முனிராஜ்: ஏன், உன் சாம்பார நான் சாப்பிடலயா?

சுசித்ரா: இரு, இரு. நாளைக்கி இருக்கு உனக்கு. அடுத்தது, சூளகிரி மலை மேல இருந்து தள்ளி உட்டுடறா. அங்க ரோப் கார்ல போறாங்களாம்! அந்த ரைட்டர் இந்தப் பக்கம் பஸ்சுல கூட வந்ததில்ல.

முனிராஜ்: ரோப் காரா... சரி, நீ பேசு. நான் போயிட்டு வந்துடறேன்.

சுசித்ரா: எங்க?

முனிராஜ்: டவுனுக்கு. பைக்கு பிரேக்கு பாக்கணும்.

சுசித்ரா: காலையிலதான பாத்த? சாவிய வை. ஏழாவது கதைய மட்டும் கேட்டுட்டுப் போ. அதுதான் எனக்குப் பிடிபடல.

முனிராஜ்: சீக்கிரம் சொல்லு. எப்பிடிக் கொல்றா?

சுசித்ரா: அவசரப்படாத. புருசனுக்கு ஒரு செல்போன் கம்பெனில வேலை. நம்ம ஓசூர் பக்கம் மாதிரிதான். கான்ட்ராக்ட் முடிஞ்சிது, திருப்பி எடுக்கல. அத அவன் வீட்ல சொல்லல. தெனம் யூனிபார்ம் போட்டுக்கறான், டிபன் எடுத்துக்கறான், ஷிப்டுக்குப் போற மாதிரியே கெளம்பிடறான். ஏன், ஃபேன எதுக்கு அண்ணாந்து பாக்கற?

முனிராஜ்: வேக்காடா இருக்குது... அப்பறம்?

சுசித்ரா: பகல் பூரா ஹைவேல ஒரு டீக்கடைல ஒக்காந்திருக்கான்.

முனிராஜ்: அது தப்பு. ஒரு டீ வாங்கிட்டு எவ்ளோ நேரம் ஒக்கார உடுவான்? மூஞ்சக் காட்டுவான். குந்தாரப்பள்ளி சந்தைத் திடலுன்னு எழுதியிருக்கணும். சந்தை இல்லாத நாள்ல ஒருத்தனும் வர மாட்டான். படுக்கக் கூட செய்யலாம்... சும்மா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

சுசித்ரா: நல்லாத்தான் சொல்ற. ரிவ்யூல சேத்துக்கறேன்.

முனிராஜ்: பேடா பேடா, வேணாம். நீ உன் ஓட்டையச் சொல்லு.

சுசித்ரா: பொண்டாட்டி கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கலன்னு வருது. நடக்குமா?

முனிராஜ்: ஏன் நடக்காது? அவன் ஜாக்கிரதையா இருந்தா நடக்கும்.

சுசித்ரா: கேட்டுல நொழையறப்ப, உள்ள படம் புடிக்கக் கூடாதுன்னு போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க இல்ல, உங்க கம்பெனில கூட?

முனிராஜ்: ஆமா. அவன் ஒட்டிக்க மறந்துட்டானா?

சுசித்ரா: மறக்கல. கெட்டிக்காரன், ஒட்டிக்கிட்டுத்தான் வர்றான். ஆனா தெனம் செவப்பு.

முனிராஜ்: செவப்புன்னா என்னா இப்ப?

சுசித்ரா: கம்பெனில நாளுக்கு ஒரு கலரு. முன்னெல்லாம் பச்சை, மஞ்சள், நீலம்னு வரும். அவ உரிச்சி உரிச்சி ஃபிரிட்ஜு மேல ஒட்டி வெப்பா. இப்ப எந்த நாள் பாத்தாலும் அதே பழைய செவப்பு. ஓரமெல்லாம் சுருண்டு போயி, பசை வுட்டு... பொண்டாட்டிக்குக் கண்ணு இல்லியா? ஏ, போன எதுக்கு இப்பக் கவுத்து வெக்கற?

முனிராஜ்: சும்மா... சார்ஜ் இல்ல. அப்பன்னா அவளுக்கு... மொதல்லயே தெரிஞ்சிருக்கும்ங்கறியா?

சுசித்ரா: தெரியாம இருக்குமா?

முனிராஜ்: தெரிஞ்சும் டிபன் கட்டிக் குடுத்தாளா?

சுசித்ரா: குடுத்தா. சாயங்காலம் மூஞ்சி வாடி வர்றானேன்னு கூட ஒரு முட்டையும் வெச்சா.

முனிராஜ்: முட்டை...

சுசித்ரா: ம்.

முனிராஜ்: சுசி, அவன் ஏமாத்தணும்னு பண்ணியிருக்க மாட்டான். இன்னிக்கி வேற கம்பெனில கூப்டுவாங்க, நாளைக்கி கூப்டுவாங்க, கெடச்சதும் சிரிச்சிக்கிட்டே சொல்லிக்கலாம்னு இருந்திருப்பான். கெடைக்கல. நாளாக நாளாக வாய் வரல. அவ வூட்டுக்காரங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னு ஒரு பயம். ஷிப்டு முடியற நேரம் வரைக்கும் வூட்டுக்கும் வர முடியாம... நரகம் அது. நல்ல மார்க்கா போடு அந்தக் கதைக்கு.

சுசித்ரா: எனக்குக் கோவந்தான் வருது.

முனிராஜ்: வரும். வேலைய உட்டவன் மேல...

சுசித்ரா: வேலை போனா போவுது, மயிரே போச்சி! ஆளே இல்லாத திடல்ல தனியா ஒக்காந்து நான் ஆக்கின சோத்த... அவ ஆக்கின சோத்தத் தின்னானே, எப்பிடி எறங்கிச்சி அவனுக்கு? பக்கத்துல படுத்துக்கறவகிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?

முனிராஜ்: அழுவாத... கதைக்குப் போயி அழுவாங்களா?

சுசித்ரா: யாரு அழுதா? கொழம்புல காரம்.

முனிராஜ்: சரி சரி... சொல்லு. கடைசில எப்பிடிக் கொல்றா அவன?

சுசித்ரா: கொல்லல.

முனிராஜ்: கொல்லலயா?

சுசித்ரா: அவனே வாயத் தொறப்பான்னு மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கா. அதோட முடிஞ்சிது.

முனிராஜ்: இது என்னா கதை? புருசனக் கொல்றதுதான் தீமுன்ன. இதுல யாருமே சாவலயே! அப்பறம் எதுக்கு இத இந்தப் புக்குல போட்டாங்க?

சுசித்ரா: அப்பிடி ஒரு கதையே இந்தப் புக்குல இல்ல மாமா.