ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது

செல்லம்மா: மொத நாளு இன்னா சொன்னே நீ? ‘பத்தே நாளு அக்கா, நீங்க மீன் விக்கறதைப் படம் புடிச்சிகினு போயிடறோம்’னே. ‘தியேட்டர்ல வருமா?’ன்னு கேட்டேன்.

ஜோசலின்: ‘உலகமே பாக்கும்’னு சொன்னேன்.

செல்லம்மா: ஆறு வருசம் ஆச்சு. பாத்துச்சா?

ஜோசலின்: முதல் பாகத்தை ஜெர்மனியில ஒரு திரைப்பட விழாவுல பதினாலு பேர் பாத்தாங்களே!

எபி: அதுல மூணு பேர் நடுவருங்க, மேடம்.

ஜோசலின்: எபி, நீங்க மைக்கைப் பிடிங்க, போதும். அக்கா, அந்த ஃப்ரிட்ஜ் மேல ஒரு புடவையைப் போட்டு மூடிடலாமா?

செல்லம்மா: இன்னாத்துக்கு? என் பையன் ஆசையா வாங்கியாந்தது.

ஜோசலின்: போன தடவை விழாவுக்கு அனுப்பினப்ப ‘கஷ்டம் பத்தலை’ன்னு எழுதிட்டாங்கக்கா.

செல்லம்மா: கஷ்டம் வோணும்னா உன் வூட்டாண்ட போயி கேமராவை வையி. ஞாயித்துக்கெழம சேலையூர்லேர்ந்து இதைப் பொண்ணு பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வராங்க, இது இங்க ஃப்ரிட்ஜுக்குச் சீலை கட்டிகினு கீது!

எபி: ஞாயித்துக்கிழமையா... மேடம்?

ஜோசலின்: ஆமா, சர்ச் முடிஞ்சதும். இந்தத் தடவை சரின்னு சொல்லியே ஆகணும்னுட்டார் அப்பா.

எபி: உங்க வேலையைப் பத்திச் சொல்லியாச்சா?

ஜோசலின்: டாக்குமென்டரி தயாரிப்பாளர்னு சொன்னாராம். ‘ஓ, படத்துக்கு முன்னாடி புகை பிடிக்காதீங்கன்னு போடுவாங்களே, அதுவா?’ன்னு கேட்டாங்களாம்.

எபி: மாப்பிள்ளையா?

ஜோசலின்: மாப்பிள்ளையோட அம்மா. மாப்பிள்ளை, ‘கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் எதுக்கு?’ன்னாராம்.

எபி: மேடம், ஒரு விஷயம்... ரொம்ப நாளா...

செல்லம்மா: சொல்லு தம்பி, சொல்லு.

எபி: அது வந்து... ஃப்ளைட். கட் பண்ணிடுங்க மேடம், ஃப்ளைட் சத்தம் வருது.

செல்லம்மா: ஏர்போர்ட்டாண்ட கீற பொழிச்சலூர்ல ஃப்ளைட்டு வராம கப்பலா வரும்?

ஜோசலின்: விடுங்கக்கா, பேட்டி போதும். இந்த ரூமோட அமைதியை மட்டும் பதிவு பண்ணிட்டுக் கிளம்பறோம். இதுதான் கடைசி ஷூட்டிங், எபி.

எபி: கடைசியா?

ஜோசலின்: ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் யாருக்குத் தெரியும்...

செல்லம்மா: ஆமா, நானும் கேக்கணும்னு இருந்தேன். யாரும் பேசாம கீறதை எதுக்குப் புடிச்சிகினு போறீங்க?

எபி: பேச்சை வெட்டினா நடுவுல ஓட்டை விழும்க்கா. அந்த இடத்துல இந்த அமைதியை வெச்சு ஒட்டிடுவோம்.

செல்லம்மா: நீ ஆறு வருசமா அதையேதான் பண்ணிகினு கீறே.

ஜோசலின்: அக்கா! ரெடியா? ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. ரோலிங்.

எபி: ...

ஜோசலின்: ...

செல்லம்மா: ச்சூ! போ அந்தாண்ட!

ஜோசலின்: அக்கா...

செல்லம்மா: பூனை வஞ்சிரத்தை மோந்து பாக்குது, நான் வாயை மூடிகினு இருக்கணுமா? சரி, சரி. பேசல.

எபி: ...

ஜோசலின்: ...

எபி: வேணாம்னு சொல்லிடுங்க.

ஜோசலின்: ரோலிங், எபி.

எபி: ஓடட்டும். அந்த மாப்பிள்ளையை வேணாம்னு சொல்லிடுங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்குங்க... ஜோசலின்.

செல்லம்மா: யப்பா! ஏ பொண்ணே, அழுவாதே, மொதல்ல ‘கட்டு’ சொல்லு. தம்பி, இந்தப் படம் தை மாசமே நின்னு போச்சு. நீ வாயைத் தொறக்கணும்னு நாலு மாசமா இந்தப் பொண்ணு என்னை நடிக்க வெச்சிகினு கீது!