கத்தியே படாத ரத்தம்

மைரம்குல்: அதான் ரிப்போர்ட் நல்லாருக்குன்னுட்டீங்களே டாக்டர், இன்னும் எதுக்கு அந்தத் தாளையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க? என்னை வீட்டுக்கு அனுப்புங்க.

டாக்டர்: நல்லாத்தான் இருக்கு... ரொம்ப நல்லாருக்கு. அதான் எனக்குப் புரியல.

ஷைலோ: எங்க அக்கா உடம்பு அப்படி டாக்டர். குதிரைப்பால் குடிச்சு வளர்ந்த...

டாக்டர்: சும்மா இருங்க தம்பி. அம்மா, உங்க குடல்ல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் தைச்சிருக்கேன். தையல் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. வெளியே தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒரு புரதம் ஏறிக் காட்டிக்கொடுத்துடும்.

மைரம்குல்: ஏறலையே! அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமை புது மருமக வீட்டுக்கு வர்றா. எங்க வழக்கப்படி மாமியார் கட்டற வெள்ளைத் துணியை அவ தலையில நான் கட்டாம வேற யார் கட்டுவா?

டாக்டர்: கசியாட்டியும், ஆபரேஷன் பண்ணின யாருக்கும் அது கொஞ்சமாவது ஏறும்மா. உங்களுக்கு வயித்துல கத்தியே படாத மாதிரி... எங்கே, அமுக்கிப் பார்க்கறேன்.

மைரம்குல்: ஐயோ, வேண்டாம்! ...கூச்சமா இருக்கு.

டாக்டர்: வலிக்குதா?

மைரம்குல்: வலியா? எனக்கா? சேச்சே.

டாக்டர்: அப்போ முகம் ஏன் இப்படி வேர்க்குது?

மைரம்குல்: உங்க ஹீட்டர் லட்சணம் அப்படி.

டாக்டர்: ஒண்ணுமே புரியல... தம்பி, இங்கே மெஷின் ரிப்பேர்னு உங்க கையிலதானே ரத்தக் குப்பியைக் கொடுத்து கடைவீதி லேபுக்கு அனுப்பினேன்? நேரா அங்கேதானே போனீங்க?

ஷைலோ: நேராத்தான்... ஆனா நம்ம நரின் ஊர்ல இந்தப் பனியில... கால் கொஞ்சம்...

டாக்டர்: கொஞ்சம்?

ஷைலோ: வழுக்கிடுச்சு டாக்டர். குப்பி உடைஞ்சுபோச்சு. அக்காவே வெளிறிப்போய்க் கிடக்கா, மறுபடியும் ஊசி குத்தணுமான்னு மனசு கேக்கல. ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கதானே, ரத்தமும் ஒண்ணுதானேன்னு... லேப்ல என் கையை நீட்டிட்டேன்.

டாக்டர்: அட பாவி மனுஷா! இவ்வளவு நேரமா உன் ரத்தத்தைப் பார்த்துத்தானா நான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன்? நர்ஸ்! ஊசி கொண்டா, சீக்கிரம்!

ஷைலோ: அக்கா, திட்டிடுக்கா. அடிக்கிறதா இருந்தாலும் அடி.

மைரம்குல்: அடிக்கத் தெம்பு இல்லடா. காலையிலேர்ந்து வயிறு எரிஞ்சு உயிர் போகுது... சொன்னா வீட்டுக்கு விடமாட்டாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அப்புறம் ரிப்போர்ட் நல்லாருக்குன்னாங்களா... வலிக்கிற மாதிரி எனக்குத்தான் தோணுதோன்னு நானும் நம்பிட்டேன்டா!