கட்டிலில் முளைத்த கீரை

தூத்துக்குடியிலிருந்து புன்னைக்காயல் போகும் பேருந்து. மடியில் தூங்கிய மகளுக்குக் காய்ச்சல் இல்லையே என்று மூன்றாவது முறையாக அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் முன் இருக்கையில் அந்தக் குரல் கேட்டது.

"அவரு கட்டில்லதான் கீரை போட்டுருக்கேன்."

சொன்னவளுக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் இருந்த பெரியவள் சிரித்துவிட்டாள்.

"ஏளா, கட்டில்லயா?"

"வேற எங்கக்கா போட? கொல்லையே பாய் அகலந்தான், அம்புட்டும் உப்பு மண்ணு. கட்டிலச் சுத்திப் பலகை அடிச்சு, தார்ப்பாய் விரிச்சு, செம்மண்ணும் எருவும் கொட்டுனேன். நல்லா வருது."

"கீரையாவது கொறட்டை விடாது."

"அந்தக் கொறட்டையக் கேட்டு ரெண்டு வருசமாச்சுக்கா."

"சரி, துபாய்ல இருந்து வந்தா எங்கன படுப்பாரு?"

"அதுக்குத்தான் கீரை மட்டும் போடுதேன். அடுத்த மாசம் வாரேன், அடுத்த மாசம் வாரேன்னு சொல்லுதாரு. கீரைன்னா ஒரே நாள்ல பிடுங்கிட்டுக் கட்டிலைக் கழுவிரலாம். இதுக்கு முன்னால ரெண்டு தடவை அப்படிக் கழுவி, பெட்ஷீட்டும் விரிச்சேன், ஆளு வரல."

பெரியவள் தன் பையிலிருந்து, ஈரத்தாளில் சுற்றிய கத்தரி நாற்றுகளை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இத நடு. ஆறு மாசம் நின்னு காய்க்கும்."

இளையவள் அந்த இலைகளைத் தடவிக்கொண்டே வந்தாள். நிறுத்தம் வந்ததும் இறங்கிவிட்டாள். நாற்றுக்கட்டு இருக்கையிலேயே கிடந்தது.

பெரியவள் சன்னல் வழியாகக் கத்தினாள்.

"ஏளா, நாத்தை மறந்துட்டியே!"

"மறக்கலக்கா."