ரம்ஷாவிடமும் வீட்டுப்பாடம் கேளுங்கள்

நீலமலைச் சாரலை நெற்றியில் தடவி நம்மை நித்தமும் வாழ்த்தும் மேட்டுப்பாளையத்து மண்ணுக்கு என் முதல் வணக்கம்! பாக்கு மண்டியில் பேரம் பேசும்போது பாறையாய் நிற்பவர், பள்ளிக்கூடம் என்றால் பாகாய் உருகுபவர், இந்த விழாவின் தலைவர் பெரியவர் அப்புசாமி ஐயா அவர்களே! மேடையின் மேன்மைக்கு மேன்மை சேர்க்கும் கல்வி அலுவலர் பெருமக்களே! எண்ணும் எழுத்தும் ஊட்டும் ஏந்தல்களே, எங்கள் ஆசிரியப் பெருமக்களே! கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே! அணைத்தோமா இல்லையா என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கும் அன்னையரே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கமும் ஸலாமும் உரியதாகுக!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் உண்மையாகவே எழுந்துவிட்டார், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் அக்கா, அதுவரை நான் பேசி முடிக்கமாட்டேன்.

நான் யார்? பீளமேட்டுக் கல்லூரியில் படித்த காலத்தில் பட்டிமன்ற மேடை ஒன்றையும் விட்டுவைக்காதவள். இன்றோ இந்த நகராட்சித் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. அதைவிடப் பெரிய பதவி ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்புக் கனிஷ்காவின் அம்மா. இந்தப் பள்ளி வளாகத்தில் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? உடலில் ஒரு குறை, பேச்சில் ஒரு தடை, கற்பதில் ஒரு தாமதம் உள்ள குழந்தைகளை வேன் ஏற்றி, வேறெங்கோ கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்த காலம் போய், அந்தப் பயிற்சியே அவர்கள் படிக்கும் பள்ளிக்கு, அவர்கள் உட்காரும் வகுப்பறைக்கு வந்து சேர்ந்த காலத்தைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். கொண்டாட மட்டுமா? கோரிக்கை வைக்கவும் கூடியிருக்கிறோம். அந்தக் கோரிக்கையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அவளுடைய பெற்றோரிடம் அனுமதி கேட்டேன், அவளிடமும் கேட்டேன், நன்றாகச் சொல்லுங்கள் என்றாள்.

ரம்ஷா. உருளைக்கிழங்கு மண்டியில் கணக்குப் பார்க்கும் பஷீர் பாயின் மகள். என் மகளின் பக்கத்து இருக்கைக்காரி. பிறவியிலேயே கால்களில் வலுக் குறைவு. வாக்கர் பிடித்து நடப்பாள். நெஞ்சிலிருந்து சொல் நாவுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் வரும். காத்திருப்பவருக்கு வரும்.

வாரத்தில் சில நாட்கள் வேன் வரும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ரம்ஷா எழுந்து போவாள். பயிற்சி மையத்தில் கால்களுக்குப் பயிற்சி நல்லபடியாகவே கொடுத்தார்கள். அவர்கள் மீது ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அவள் அங்கே இருந்த நேரத்தில் இங்கே கூட்டல் கழித்தல் ஆனது, கழித்தல் பெருக்கல் ஆனது. திரும்பி வந்து பார்த்தால் பாடம் பல பக்கம் தாண்டிப் போயிருக்கும்.

அப்படியானால் பள்ளியில் இருந்த நாட்களில் அவள் என்ன செய்தாள்? உட்கார்ந்திருந்தாள்.

யாராவது அவளைக் கேலி செய்தார்களா? இல்லை. ஒதுக்கினார்களா? இல்லவே இல்லை. நாம் யார்? கொங்கு நாட்டுக்காரர்கள் அல்லவா! சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தானே சண்டை போடுவோம்! தாங்கினோம். தாங்கு தாங்கென்று தாங்கினோம். பையை என் மகள் தூக்குவாள். டிபன் பாக்ஸை இன்னொருத்தி திறப்பாள். கரும்பலகையில் உள்ளதை வேறொருத்தி எழுதிக் கொடுப்பாள். வகுப்பாசிரியை பங்காரம்மா டீச்சர், தங்கமான மனுஷி, இதோ முதல் வரிசையில்தான் இருக்கிறார், எல்லாக் குழந்தைகளிடமும் வீட்டுப்பாடம் கேட்டுக்கொண்டே வருவார். ரம்ஷாவின் இடம் வந்ததும் தலையை வருடிவிட்டு, அடுத்த குழந்தையிடம் போய்விடுவார். எல்லோருக்கும் நிறைவாக இருந்தது. எனக்கும்தான்.

அந்த நிறைவில் இடி விழுந்தது. மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ரம்ஷாவின் அம்மா ஜாஹிதா வந்தார். வெளியூரில் விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளி ஒன்றில் இடம் கேட்டிருப்பதாகவும், அரையாண்டு விடுமுறை முடிந்ததும் மகளை அங்கே சேர்க்கப் போவதாகவும் சொன்னார். எட்டு வயதுக் குழந்தை! அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற குழந்தை! எங்களுக்கெல்லாம் மனசு கேட்கவில்லை. என்ன குறை வைத்தோம், யார் என்ன சொன்னார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டோம். ஜாஹிதா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பங்காரம்மா டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், உங்க மேல ஒரு குறையும் இல்லீங்க. அவளை அப்படித் தாங்குறீங்க. ஆனா விருந்துக்கு வந்தவங்ககிட்ட யாராச்சும் வேலை சொல்லுவாங்களா? மூணு வருசமா எம்புள்ள இங்க விருந்தாளியாவே உக்காந்திருக்கறாளுங்க. அங்க போனா ரெண்டு கணக்காச்சும் கேப்பாங்கல்லங்க."

அவையோரே! அந்தச் சொல்லை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். நம் ஊரில் விருந்தாளி வந்தால் என்ன செய்வோம்? வாங்க என்போம், உட்காருங்க என்போம், சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனால் பதறிப்போய்ப் பிடுங்குவோம். பெருமைப்பட வேண்டிய பழக்கம். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்திருக்கிறார்களே, ஏன்? மூன்று நாளுக்குமேல் தங்குபவர் வீட்டு மனிதர் ஆக வேண்டும். வீட்டு மனிதரை வேலை ஏவலாம், ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம், கோபித்துக்கொள்ளலாம். ரம்ஷாவை நாம் கோபித்துக்கொண்டதே இல்லை. அன்பு என்று நினைத்து அவளை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் புதிய ஏற்பாடு நம் பள்ளிக்கு வந்தது. சிறப்புப் பயிற்றுநர் ரசாக் சார், அதுவரை மையத்தில் பயிற்சி கொடுத்தவர், நேராக மூன்றாம் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தார். தனி அறை கேட்கவில்லை. ரம்ஷாவைத் தனியே கூட்டிப்போகவும் இல்லை. பங்காரம்மா டீச்சரும் அவரும் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட்டார்கள். அதே பாடம், ரம்ஷாவுக்குப் பெரிய எழுத்தில். அதே கேள்வி, விடையைத் தொட்டுக் காட்டப் பட அட்டை. அதே கணக்கு, பத்துக்குப் பதிலாக நான்கு. கால் பயிற்சி காலையில் பள்ளி வராந்தாவிலேயே. எல்லாம் செய்துவிட்டு டீச்சரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டார். கொடுத்த வேலையை அவளிடம் திரும்பக் கேட்டுவிடுங்கள் என்றார்.

எளிதா அது? இல்லை. பழகிய கை அல்லவா! மறுநாள் வீட்டுப்பாடம் கேட்டு வந்த டீச்சர், ரம்ஷாவிடம் வந்ததும் வழக்கம்போல் தலையை வருடிவிட்டு நகர்ந்துவிட்டார். இரண்டடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். நோட்டைத் திறந்தார். வெள்ளைத் தாள்.

"ஏன் கண்ணு எழுதலை?" என்று கேட்டார். "நாளைக்கு எழுதிட்டு வந்து காட்டோணும். இல்லீன்னா விளையாட்டு பீரியட் கிடையாது, சொல்லிப்போட்டேன்."

என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் பாவம், அவளைத் திட்டாதீங்க டீச்சர் என்று கண்ணீரோடு வாதாடினாளாம். வாதாடுவது எங்கள் வீட்டில் பரம்பரை வியாதி. அப்போது ரம்ஷா வாயைத் திறந்தாள். சொல் கிளம்பியது. டீச்சர் காத்திருந்தார். வகுப்பு காத்திருந்தது.

"நான் பாவம் இல்லீங்க," என்றாள். "மறந்துபோட்டேன்."

கை தட்டுங்கள்! ஓங்கித் தட்டுங்கள்! எந்தப் பட்டிமன்றத்திலும் இப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை. இரக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் தவறைத் தன் தவறென்றே கேட்டு வாங்கிக்கொண்டாளே அந்தக் குழந்தை! மறப்பதும் ஒரு மாணவியின் உரிமை அல்லவா!

ஆனால் அன்று மாலையே எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. பள்ளி விட்டுக் கொஞ்ச நேரத்தில் ஜாஹிதா வேகமாக உள்ளே வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஏற்கெனவே போகப்போகிறேன் என்பவர். பிள்ளையை வேறு திட்டிவிட்டோம். நாளையே கூட்டிப்போய்விடுவார் என்று நினைத்தேன். பங்காரம்மா டீச்சர் மன்னிப்புக் கேட்க எழுந்தார். ஜாஹிதா அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"திட்டுனீங்களாமாங்க?" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். "வந்ததும் நோட்டை எடுத்து உக்காந்துட்டாளுங்க. பன்னு வாங்கி வெச்சிருக்கேன், திரும்பிப் பாக்கலீங்க. நாளைக்கு டீச்சர் கேப்பாங்கங்கறா. எம்புள்ளகிட்ட நாளைக்குன்னு சொன்னவங்க இதுவரைக்கும் யாரும் இல்லீங்க. அவ எங்கயும் போகலீங்க டீச்சர். நாளைக்கும் கேளுங்க."

நான் அழுதேன். இந்த மேடையில் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, நன்றாகவே அழுதேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் அலுவலர் பெருமக்களே, இதுதான் எங்கள் கோரிக்கை. ரசாக் சார் வரும் நாட்கள் வேறு வேலைக்கு மாற்றப்படாத நாட்களாக இருக்கட்டும். இந்த ஏற்பாடு இந்தக் கல்வியாண்டோடு முடிந்துவிட வேண்டாம். மையத்தின் உதவி தேவைப்படும் குழந்தைக்கு மையம் திறந்தே இருக்கட்டும். சிறப்புப் பள்ளிதான் வேண்டும் என்கிற குழந்தைக்கு அதுவும் கிடைக்கட்டும். ஆனால் சொந்தத் தெருப் பள்ளியில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதற்காக எந்தக் குழந்தையும் ஊரைவிட்டுப் போக வேண்டாம். தலையாட்டுகிறீர்கள். எங்கள் ஊரில் மரியாதைக்காகவும் தலையாட்டுவோம், அதனால் தீர்மானமாகவும் எழுதித் தருகிறோம்.

பெற்றோர்களே! வீட்டுக்குள் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, பள்ளியில் பார்த்துக்கொள்வார்களா என்று தயங்குகிறவர் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அழைத்து வாருங்கள். பார்த்துக்கொள்ள மட்டும் அல்ல, பாடம் கேட்கவும் இங்கே ஆள் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு செய்தி. ரம்ஷாவும் என் மகளும் செவ்வாய்க்கிழமையிலிருந்து பேசுவதில்லை. அழிரப்பர் தகராறு. ரம்ஷாதான் எடுத்தாளாம், எடுக்கவில்லை என்கிறாளாம். அதோ, ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாஹிதா என்னிடம் வந்து, சமாதானம் பண்ணி வைக்கலாமாங்க என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மகள் ரம்ஷாவோடு சண்டை போடுவது இதுதான் முதல் தடவை. யாரும் குறுக்கே போகாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பொங்கிக் கை தட்டிய தாய்மாருக்கும், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை இன்று மாலை கேட்கப்போகும் தந்தையருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போயிட்டு வாரேனுங்க!