ஊமைக் கட்டை

ஓம், பதியட்டும் தங்கச்சி. நீங்கள் கேட்டுப்போட்டுத்தானே பதியிறீங்கள். கதிரையை இங்கால இழுத்துப்போட்டு இருங்கோ, பிளேன்ரீ ஆறுது.

நான் அவற்ற மனுசிதான். இப்பவும். பிரான்சில அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கு, அது ஊருக்கே தெரியும். ஆனா மாதா கோயில் கலியாணப் புத்தகத்தில கொலின்ஸ் எண்ட பேருக்குப் பக்கத்தில ஜெயனி எண்டுதான் கிடக்கு. அதுக்கெல்லாம் அழுது முடிச்சிட்டன். இப்ப இருக்கிற கோவம் வேற.

ரேடியோக்காரர் நீங்கள், மன்னாரான் ஒருத்தன் பாரிசில ஸ்ரூடியோவில இருந்து ஜாஸ் ஓகன் அல்பம் போட்டிட்டான் எண்டு கொழும்பில இருந்து இலுப்பைக்கடவை மட்டும் வந்திருக்கிறீங்கள். நல்லாத்தான் வாசிச்சிருக்கிறார், பொய் சொல்ல மாட்டன். முதல் நாலு பாட்டையும் கேக்கேக்க எனக்கே கால் ஆடினது. இஞ்ச பூசைப் பாட்டுக்குள்ளயே அப்பிடிச் சேட்டை விடுறவர், பூசை வைக்கிற சுவாமி பீடத்தில நிண்டு திரும்பிப் பாப்பார்.

அஞ்சாவதுதான். ஓம், எல்லாரும் புகழுறது. அடிக்கொருக்கா ஒரு இடம் சத்தமில்லாமப் போகுதே, அந்த மௌனம்தான் பெரிய கலை எண்டு எழுதியிருக்கினமோ? நீங்கள் வாசிச்சுக் காட்டேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

எங்கட கோயில் ஓகனில விரல் வைக்கிற கட்டையளுக்குள்ள நடுவில ஒண்டு ஊமை. உப்புக்காத்துப் பிடிச்சுப் பழுதாப்போச்சு, அமத்தினாலும் பேசாது. அவர் அதைத் தொடாமலே சுத்திக்கொண்டு போயிடுவார், வித்தை தெரிஞ்ச ஆள். எனக்கு அவர் பழக்கினது கொஞ்சம்தான். அவர் போனாப்பிறகு வேற ஆளில்லாம நான்தான் ஓகனில இருந்தனான். என்ர விரல் அந்தக் கட்டையில விழும், சத்தம் வராது, அடுத்ததுக்குப் போவன். பாரிசில எல்லாக் கட்டையும் பேசும்தானே. பிறகேன் அதே இடத்தில ஓட்டை?

ஓம். மெட்டு என்ர.

அல்பத்தோட வந்த புத்தகத்தில என்ன கிடக்கு, இன்னொருக்கா வாசியுங்கோ. பாரிசில பிறந்த மகளை நித்திரையாக்க அவர் கட்டின தாலாட்டு. சரி.

எங்களுக்கும் ஒரு மகள் இருந்தவள். நாலு வயசு, டெங்கு. அவருக்கு அங்க விசா சரிவரேல்ல, வர ஏலாமப் போச்சு, அதை நான் குத்தம் சொல்லேல்ல. அடக்கப் பூசைக்கு வாசிக்க ஆளில்ல, நானே போய் இருந்தன். பெட்டியைக் கோயிலுக்குள்ள கொண்டு வரேக்க எனக்கு ஒரு பாட்டும் ஞாபகத்தில வரேல்ல. விரல் போன பாட்டுக்கு வாசிச்சன். அதுதான் இது. போனை ஓகனுக்கு மேல வை எண்டு கேட்டதும் அவர்தான். முடியுமட்டும் அங்கால ஒரு சத்தமும் இல்ல.

அழுறார் எண்டு நினைச்சன். பதினாலு வருசமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். அதாலதான் அந்தக் குடும்பத்துக் கதை தெரிஞ்சாப்பிறகும் அவரை ஒருநாளும் ஏசேல்ல.

பதிஞ்சுகொண்டு இருந்திருக்கிறார்.

இல்ல தங்கச்சி, பதியிறதை நிப்பாட்டாதேங்கோ. என்ர மகளின்ர பேரை ரேடியோவில பிழையில்லாமச் சொல்லுங்கோ. மதுஷிகா.