பட்டன் வராத வேலை

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஷூ கம்பெனியின் அடையாள அட்டை. ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“வீட்டுக்குப் போய் பாக்கறதுக்கு எனக்குப் பட்டன் வரல, ஷபானா.”

“இன்னா பட்டன்க்கா?”

“நான் கேஸ் பாக்கற கம்ப்ளைன்ட் சாஃப்ட்வேர்லதான். தையல் லைன்ல ஒரு பொண்ணு, சூப்பர்வைசர் மேல எழுதிக் குடுத்துட்டு வேலைக்கே வராம நின்னுட்டாளே, அவ கேஸு. வீட்டுக்கு நேர்ல போய் விசாரிக்கறது கட்டாயம் இல்ல, தேவைன்னா ஒரு பட்டன அமுக்கி கேஸ்ல சேத்துக்கலாம். முன்னெல்லாம் நானே சேத்துப்பேன். கேஸ் முடிய லேட் ஆவுதுன்னு, இப்போ மேனேஜர் மட்டும்தான் சேக்க முடியற மாதிரி மாத்திட்டாங்க.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“எத்தினியோ வாட்டி கேட்டேன். இன்னிக்கு காலைலதான் சேத்துவுட்டாரு. மத்தியானம் ஓடுனேன். வீடு பூட்டிக் கெடக்குது. குடும்பத்தோட காலி பண்ணிட்டு எங்கியோ போய்ட்டாங்களாம். பக்கத்து வீட்ல யாருக்கும் தெரியல.”

“நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க? கம்பெனில சொல்லாம எப்டிப் போறது?”

மாதனூரில் பஸ் நின்றது. ஏறுகிறவர்கள் ஏறி, கண்டக்டர் விசில் கொடுத்தபோது ஜன்னலோரம் இருந்தவள் வெளியே கை காட்டினாள்.

“அதோ, அந்தப் பச்சைக் கதவு. அதான் அவ வீடு. தெனம் சாயந்தரம் பஸ்ஸு இங்க நிக்குது. நானும் இந்தப் பக்கம்தான் உக்காந்து வர்றேன்.”